கடல் கொண்ட ஊர்ப்பெயரும் நான் சொல்லாத பெயரும்

எங்கள் வைத்தியரின் காத்திருப்பு அறையில், சுவரில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. உள்ளே போக வேண்டியவரின் பெயர் அதில் சிவப்பு எழுத்தில் ஓடும். கூடவே ஒரு மணிச் சத்தம் கேட்கும். என் முறை வரும்போது அதில் ஓடுவது என் கணவரின் பெயர். இந்த நாட்டில் என் குடும்பப் பெயராகப் பதிந்திருப்பது அதுதான். மணி அடித்ததும், எழும்புவதற்கு முன்னால் ஒருதடவை பின்னால் திரும்பிப் பார்ப்பேன், அவர் எந்தக் கதிரையிலாவது இருந்து எழும்பி வருகிறாரோ என்று. இத்தனை வருடமாகியும் இந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

அவர் காணாமல் போனவர். மகள் தவழத் தொடங்கியிருந்த நாட்களில் ஒரு காலை, பால்மா வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் அவர் கடைக்கு வரவேயில்லை என்றார். சந்தியில் நின்றவர்கள் அவர் போனதைக் கண்டோம் என்றார்கள். யார் மறித்தது, எங்கே கொண்டுபோனது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. ஒரு கதைக்கும் முடிவு இருக்கவில்லை. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. நானும் மாமியும் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு இராணுவ முகாம் வாசல்களில் நின்ற காலத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதைத் தொடங்கினால் வேறொன்றும் எழுத வராது.

அவருடைய பெயரையும் நான் எழுதவில்லை. வாயால் சொன்னதும் இல்லை. எங்கள் பக்கத்தில் மனைவி கணவனின் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. "இஞ்சாருங்கோ" என்றால் போதும், யாரைக் கூப்பிடுகிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் புருஷன் பெயரை அதுவும் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிறார்கள். அது அவர்கள் பாடு. முகாம் வாசலில் பெயர் கேட்டபோது மாமிதான் சொன்னார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். லண்டனுக்கு வந்தபிறகு கவுன்சில், வங்கி, காஸ் கம்பனி என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். நேரே போனால் அட்டையை நீட்டுவேன். தொலைபேசி என்றால் எழுத்து எழுத்தாகச் சொல்வேன். முழுப் பெயராக, ஒரே மூச்சில், அது என் வாயிலிருந்து வந்ததே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் என் தொழிலே பெயர் கூப்பிடுவதுதான். ஸ்ட்ரெதமில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். போலந்துப் பெயரோ சோமாலியப் பெயரோ, நான் கூப்பிட்டால் அவர்களுடைய தாய் கூப்பிட்ட மாதிரி இருக்கும் என்று சொல்லுவார்கள்.

நவம்பர் மாதம் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் மரித்தவர்களின் பெயர்களை வாங்கிப் பூசையில் வாசிப்பார்கள். பக்கத்து வாங்கில் இருக்கும் மன்னார்ப் பெண்மணி ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு கடதாசித் துண்டும் பேனையும் நீட்டுவார். நான் ஒவ்வொரு வருடமும் அம்மாவின் பெயரை, அப்பாவின் பெயரை, மாமியின் பெயரை எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவருடைய பெயரை எழுத மாட்டேன். அதை எழுதினால் நானே அவரைக் கொன்ற மாதிரி. வீட்டிலும் அவர் படம் விளக்கு வைத்த படங்களோடு இல்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், மகள் பட்டம் வாங்கிய படத்தோடு, உயிரோடு இருப்பவர்களுக்கு நடுவில் இருக்கிறது.

எங்களுக்குள் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயர் சேரும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் பாட்டனின் பெயர் கழன்றுவிடும். ஒரு மனிதனின் பெயர் இரண்டு தலைமுறைக்கு இருந்துவிட்டுப் போகும். இங்கே வந்ததும் குடிவரவு அதிகாரிகள் அந்தத் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குள் போட்டார்கள். நானும் மகளும் அவருடைய பெயரைச் சுமந்துகொண்டு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. தபாலில் வரும் மின்சாரக் கட்டணக் கடிதம்கூட அவருக்கு வருகிற மாதிரி இருக்கும்.

மகள் ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது எல்லோரும் நான் குதிப்பேன் என்று பார்த்தார்கள். நான் குதிக்கவில்லை. பையன் நல்லவன்; சோறு வடிக்கத் தெரிந்தவன்; என்னை "அன்ரி" என்று கூப்பிடுவான். நான் குதித்தது வேறு இடத்தில். அவள் ஒருநாள், மேசையில் என்னைப் பார்க்காமல், கல்யாணத்துக்குப் பிறகு அவனுடைய குடும்பப் பெயரை எடுக்க விரும்புவதாகச் சொன்னாள். அவர்களுடையது மிக அபூர்வமான பெயராம், இந்த நாடு முழுவதிலும் அவனும் அவன் தகப்பனும்தான் மிச்சமாம்.

"ஏலாது," என்றேன்.

"ஏன் அம்மா?"

"அப்பா வந்து தேடினால் எந்தப் பேரைச் சொல்லித் தேடுவார்?"

அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. தகப்பனின் முகம் அவளுக்கு அந்தத் தொலைக்காட்சிப் பக்கத்துப் படம்தான். "ஓம் அம்மா," என்று எழும்பிப் போய்விட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் நான் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. என்றைக்காவது அவர் எந்தச் சிறையிலிருந்தாவது, எந்தக் காட்டிலிருந்தாவது வெளியே வந்து, யாருடைய கையிலிருந்தாவது ஒரு தொலைபேசியை வாங்கித் தன் பெயரைப் போட்டுத் தேடினால், அதன் முனையில் தன் மகள் நிற்க வேண்டும். இதைவிட வேறு என்ன ஏற்பாடு என்னால் செய்ய முடியும்?

பையனின் தகப்பன், என் சம்பந்தியாகப் போகிறவர், மனைவியை இழந்தவர். ஸ்ட்ரெதமில் தனியாக இருக்கிறார். வேலைக்காலம் முழுவதும் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் தேநீருக்கு எங்களைக் கூப்பிட்டார். அவருடைய பெயரையும் நான் எழுத முடியாது; எழுதினால் எந்த வீட்டு மனிதர் என்று உடனே தெரிந்துவிடும், அவ்வளவு குறைந்துபோன பெயர் அது. அந்தப் பெயரின் வரலாறுதான் அவருடைய பொழுதுபோக்கு, பக்தி, நோய் எல்லாம். பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கதையைத் தொடங்கினார்.

"எங்கள் பெயர் ஓர் ஊரின் பெயர்," என்றார். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், களிமண் மேட்டில் இருந்த சின்ன ஊர். ஒரு சந்தை, ஒரு தேவாலயம், சில தெருக்கள். மாரிக்கு மாரி கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வந்தது. முதலில் வயல்கள் போயின. பிறகு சந்தை, பிறகு வீடுகள், கடைசியாகத் தேவாலயம். கல்லறைத் தோட்டம் பாதி விழுந்து பாதி நின்ற காலத்தில், அலையடிக்கும் இடத்தில் எலும்புகள் கிடந்தனவாம். இப்போது அந்த ஊர் இருந்த இடத்தில் வரைபடத்தில் கடல்தான் இருக்கிறது.

"அப்ப அந்த ஊர்க்காரர் எல்லாருக்கும் இந்தப் பெயரா?" என்று கேட்டேன்.

அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலத் தலையை ஆட்டினார். "அங்கே இருந்த ஒருவருக்கும் இந்தப் பெயர் இருந்திருக்காது. எல்லோரும் அதே ஊர் என்றால் யாரை அந்தப் பெயரால் கூப்பிடுவது? அங்கிருந்து வெளிக்கிட்டு, வேறு ஊரில் வேலை கேட்டு நின்ற யாரோ ஒருவனைத்தான் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள். அது அவனோடு ஒட்டிக்கொண்டது. அவன் பிள்ளைகளுக்கு அந்த ஊர் தெரியாது. பெயர் மட்டும் வந்தது."

ஊரை விட்டவனுக்குத்தான் ஊர்ப்பெயர் என்பது நாங்கள் லண்டனில் தினமும் காண்கிற சங்கதி. மீன்கடையில் நிற்கும் ஆட்களை ஊர்ப்பெயரை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறோம். ஊரில் இருந்த காலத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இதை இந்த வெள்ளைக்காரக் கிழவர் தன் சொந்தத் துயரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய குடும்பமாக அவர்கள் எப்போதும் இருந்ததில்லையாம். பெண்பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் பெயரை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கிளை கப்பலேறிப் போய்ச் சத்தமில்லாமல் போனது. யுத்தத்துக்குப் போன சகோதரர்கள் பிள்ளை குட்டி இல்லாமல் ஏதோ ஒரு தேவாலயச் சுவரில் கல்லெழுத்தாக இருக்கிறார்கள். தபால்காரராக இருந்த காலத்தில், பையைத் திறந்து அடுக்கும் ஒவ்வொரு காலையும் தன் பெயர் எழுதிய கடிதம் வேறு வீட்டுக்கு வருகிறதா என்று பார்த்தாராம். ஒருநாளும் வரவில்லை. கடைசியாக, வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் கல்யாணம் கட்டாத ஓர் அம்மா இருந்தார், அவரும் போய்விட்டார்.

"புயலடிக்கிற நாளில் கடலுக்குள் இருந்து அந்தத் தேவாலயத்தின் மணிச்சத்தம் கேட்கும் என்பார்கள்," என்றார்.

"கேட்டிருக்கிறீர்களா?"

"இல்லை. ஒவ்வொரு வருடமும் போய் நிற்பேன். ஒரு தடவையும் கேட்டதில்லை."

"பிறகு ஏன் போகிறீர்கள்?"

கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "நான் போகாத நாளில் அடித்துவிட்டால்?"

அதுவரை அவரைத் தன் பெயரைத் தூக்கிப்பிடிக்கிற ஒரு பெருமைக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வார்த்தைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஆனால் நான் இளகவும் இல்லை. மகளின் பெயரைப் பற்றிப் பேச்சு வந்தது. தான் வேண்டுமானால் எங்கள் பெயரை எடுக்கிறேன் என்று மருமகன் சொன்னான். கிழவரின் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன், பாவமாகத்தான் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "உங்களுடையதும் பழைய பெயரா?" என்று கேட்டார்.

எங்கள் முறையை அவருக்கு அப்போதே விளக்கியிருக்கலாம். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. "எனக்குப் பழையதுதான்," என்று மட்டும் சொன்னேன்.

மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தமிழரின் பெயரும் தன் பெயர் போலப் பல நூறு வருடம் இறங்கி வந்தது, அதைச் சுமக்கும் எல்லோரும் ஒரே ரத்தம் என்று முடிவுகட்டிவிட்டார். எங்கள் பெயருக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டினால் நான் ஆறுதலடைந்து மகளை விட்டுவிடுவேன் என்பது அவருடைய கணக்கு. தன் பெயருக்குச் செய்த வேலையை எங்கள் பெயருக்கும் தொடங்கினார். நூல்நிலையத்தில் போய் விலாசங்களைத் தேடி, அந்தப் பெயர் உள்ள வீடுகளுக்கெல்லாம் கையால் கடிதம் எழுதிப் போட்டார். இது எனக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம், நான் வேலையில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கிழவர் தொலைபேசி எடுத்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"உங்கள் குடும்பத்து ஆள் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர்." பிறகு அந்தப் பெயரை, என் கணவரின் பெயரை, கவனமாகப் பழகி வைத்திருந்த உச்சரிப்பில் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவதற்குச் சம்மதித்திருக்கிறார்."

"என்ன வயதிருக்கும்?" என்று கேட்டேன். சாண்ட்விச்சைத் திரும்பச் சுற்றி வைத்தேன்.

"தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. இளைஞர் இல்லை என்று நினைக்கிறேன்."

எனக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு, ஒழுங்கைக்கு ஒருவருக்கு இருக்கிறது. ஒரே பெயர் என்பதால் எங்களுக்குள் ஓர் உறவும் இல்லை. இதெல்லாம் தெரிந்த ஒருத்தி என் தலைக்குள் இருந்து தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அடிபட்டு நினைவு தப்பியவர்கள் இல்லையா? யாரோ ஒருவருடைய தயவில் கப்பலேறி, வெளியே சொல்லப் பயந்து, பக்கத்திலேயே ஒளிந்திருக்கிறவர்கள் இல்லையா? தோர்ண்டன் ஹீத் எங்கே இருக்கிறது? நான் முருங்கைக்காய்க்கும் மீனுக்கும் பஸ்ஸில் போகிற இடம்தானே. அந்த மனிதரின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி ஒரு நிமிடம் கதைத்திருந்தால் எல்லாம் தெளிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்விடும்.

மகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "ஆரோ தூரத்து ஆள் வருகுதாம்," என்று சொல்லிவைத்தேன். சனிக்கிழமை தோர்ண்டன் ஹீத்துக்குப் போய் நண்டு வாங்கினேன். நண்டுக்காலைப் பல்லால் உடைத்து உறிஞ்சிச் சாப்பிடுவதென்றால் என் கணவருக்குப் பைத்தியம். மேசை முழுக்கக் கோது கிடக்கும். கடையிலும் தெருவிலும் அறுபது வயது மதிக்கத்தக்க ஒவ்வொரு ஆணின் முகத்தையும் வெட்கமில்லாமல் பார்த்தேன். ஒருவர் என்னிடம், "தங்கச்சி, என்ன, தெரிஞ்ச ஆளோ?" என்றுகூடக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். வீட்டுக்கு வந்து நரைத்த தலைக்கு மை பூசினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பயம் வருகிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து புட்டு அவித்தேன். கிழவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முன்னமே வந்து, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் போலக் கதிரையின் நுனியில் இருந்தார். மருமகன் தட்டுகளை எடுத்து வைத்தான். வாசல் மணி அடித்தது.

"நீ போய்த் திற," என்று மகளிடம் சொன்னேன். நான் சமையலறையில், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. ஓர் ஆண்குரல், "வணக்கம், நான்..." என்று தொடங்கி அந்தப் பெயரைச் சொன்னது. என் கணவரின் பெயரை எங்கள் ஊர் உச்சரிப்பில் ஓர் ஆண் தன் வாயால் சொல்லிக் கேட்டு எத்தனை காலம். குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் இல்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.

நாற்பது கடந்த மனிதர். நெற்றி ஏறியிருந்தது. கையில் பேக்கரிப் பெட்டி ஒன்று.

"வாங்கோ தம்பி, இருங்கோ," என்றேன்.

பஸ் ஓட்டுகிறாராம். குரொய்டன் பக்கம் எல்லாத் தெருவும் அத்துப்படி. "கையால எழுதின கடிதம் வந்தது அன்ரி. வெள்ளைக்காரக் கிழவர், இவ்வளவு மரியாதையா எழுதியிருக்கிறார், போகாம விடுறது முறையில்லை எண்டு ஷிப்ட் மாத்திக்கொண்டு வாறன்," என்றார். மகள் நண்டுக் கறியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையைக் குறுக்கே வைத்தார். "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. தொட்டாலே உடம்பெல்லாம் தடிச்சுப்போகும்." எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வருகிற இடத்தில் வந்த சிரிப்பு. எழும்பிப் போய் அவருக்கு முட்டை பொரித்துக் கொண்டுவந்தேன்.

கிழவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எப்போது கட்டிப்பிடிப்போம் என்று காத்திருந்தார் போல. கடைசியில் அவரே கேட்டார், நீங்கள் எந்த வழியில் சொந்தம் என்று.

பஸ்காரத் தம்பிதான் ஆங்கிலத்தில் விளக்கினார். இது தன்னுடைய தகப்பனின் பெயர். தகப்பனுடைய தகப்பனுக்கு வேறு பெயர். தன்னுடைய பிள்ளைகளுக்குத் தன்னுடைய பெயர். அன்ரிக்கு இது கணவரின் பெயர். ஒரு சொந்தமும் இல்லை.

கிழவர் கரண்டியை வைத்துவிட்டார். "ஒவ்வொரு தலைமுறையும் பெயரை விட்டுவிடுகிறீர்களா?"

"ஓம்," என்றார் தம்பி, தமிழிலேயே.

"அப்படியானால் தொலைந்துபோனால் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே கலங்கிப்போய்க் கேட்டார். தம்பி சிரித்தார். எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரிப்போம், எப்படியும் பிடித்துவிடுவோம் என்றார். மகள் என்னைப் பார்த்தாள். எதற்காக மை பூசினேன், எதற்காக நண்டு வாங்கினேன் என்பது அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். மேசைக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தாள். நான் புட்டுப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தேன்.

தேநீர் குடிக்கும்போது தம்பி கைத்தொலைபேசியில் தன் தகப்பனின் படத்தைக் காட்டினார். சாய்மனைக் கதிரையில் ஒரு மெலிந்த மனிதர். "போன மாரிக்கு மோசம் போயிட்டார் அன்ரி. செத்தவீட்டுக்கு எனக்குப் போக ஏலேல்லை." படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "என்ரை பேர் நீளம் எண்டு டிப்போவில எல்லாரும் அப்பான்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவினம். முந்தி எரிச்சல் வரும். இப்ப, கூப்பிட மாட்டாங்களோ எண்டு இருக்கு."

அவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

அவர் விடைபெற்றுப் போனபிறகு மேசையைத் துடைத்தால், தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய தொலைபேசி கிடந்தது. தகப்பனின் படம் உள்ள தொலைபேசி. செருப்பைக் கொழுவிக்கொண்டு ஓடினேன். தெருமுனைக்குப் போனபோது பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. அவர் வரிசையில் முன்னால் நின்றார். "தம்பி!" என்று கத்தினேன். தமிழ்க் கடை வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பொடியன் திரும்பிப் பார்த்தான். மருந்துக்கடைக்கு முன்னால் நின்ற ஒருவரும் பார்த்தார். எங்கள் மிச்சம் பகுதியில் தம்பி என்று கத்தினால் தெருவே திரும்பும். அவர் மட்டும் திரும்பவில்லை. ஒரு காலைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்தது ஒரு பெயர்தான்.

அதைக் கூப்பிட்டேன்.

முழுப் பெயரையும், ஒரே மூச்சில், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவை அந்தப் பெயர் என் குரலில் வெளியே வந்தது. பஸ் வாசலில் ஏறிக்கொண்டிருந்த ஆண் அப்படியே நின்றார். தோள் திரும்பியது. பிறகு முகம் திரும்பியது. தோள் திரும்பி முகம் திரும்புவதற்கு இடையில் இருந்த அந்த இடைவெளியில் நான் நம்பினேன். எல்லாம் தெரிந்துகொண்டே, நண்டு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவர் அவர் என்று தெரிந்துகொண்டே, நம்பினேன்.

தம்பி இறங்கி ஓடிவந்து தொலைபேசியை வாங்கினார். "அன்ரி, என்ன, ஓடி வந்ததில மூச்சு வாங்குதோ?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்ததை அவர் அப்படி எடுத்துக்கொண்டார். அடுத்த பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் போனார். நல்ல பிள்ளை.

வீட்டுக்குத் திரும்பியபோது கிழவர் கோட்டைப் போட்டுக்கொண்டு நடையில் நின்றார். என் கணவர் காணாமல் போனவர் என்பதை, நான் வெளியே போயிருந்த நேரத்தில் மகள் அவருக்குச் சொல்லியிருந்தாள். இறந்துவிட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நான் விடவில்லை. "உங்கள் மணி அடிக்கும் இடத்துக்கு அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அவர்கள் போனபிறகு நானும் மகளும் சட்டி கழுவினோம். நண்டு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் யார் திரும்புவார் என்று நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்கு மேலும் அதைப் பிள்ளையின் தலையில் கட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குத் தன் பெயரைத் தேர்ந்துகொள்ள வயது வந்து எவ்வளவோ காலம். முதுகைக் காட்டியபடியே சொன்னேன்.

"நீ அவையின்ரை பேரை எடு பிள்ளை."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அப்பா வந்தா?"

"வந்தா என்னைத் தேடட்டும். நான் மாத்தேல்லைத்தானே."

அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஈரக் கை என் இடுப்பைச் சுற்றி இருந்தது. கடலுக்குள் போன ஓர் ஊரின் பெயரோடு அவள் இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள்; அவளுடைய கடிதங்கள் அந்தப் பெயருக்கு வருகின்றன. எங்கள் மாடி வீட்டுக்கு வருகிற கடிதங்கள் இன்னும் அவருடைய பெயருக்குத்தான் வருகின்றன.

போன கிழமை இரத்த அழுத்தம் பார்க்க வைத்தியரிடம் போயிருந்தேன். மணி அடித்தது. சுவரில் அவருடைய பெயர் சிவப்பு எழுத்தில் ஓடியது. இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. பார்த்தேன்.